தேய்ந்த போர்வெல் பிட்டிலிருந்து கார்பைடு பட்டன் எடுப்பது: கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

கருங்கல்லில் போர் போட்டுத் தேய்ந்த பிட் ஒன்றை, அதாவது பாறையைத் துளைக்கிற முனையை, காயலான் கடையில் தூக்கிப் போட்டால் இரும்பு விலைதான் கொடுப்பார்கள். ஆறரை அங்குல பிட் சுமார் 20 கிலோ இருக்கும். அதன் முகத்தில் பதிந்திருக்கும், பாறையை நொறுக்குகிற கார்பைடு குமிழ்களான பட்டன்களை எல்லாம் சேர்த்துப் போட்டாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் நிற்கும். ஆனால் அந்த ஒரு கிலோ, மீதி 19 கிலோ இரும்பைவிட அதிகப் பணம்.

கணக்கு எளிது. 16 மில்லிமீட்டர் விட்டமும் 24 மில்லிமீட்டர் நீளமும் உள்ள புதுப் பட்டன் ஒன்று 60 கிராமுக்குச் சற்று மேலே நிற்கும். பிட்டுக்குப் பிட்டு எண்ணிக்கை மாறும். 16 முதல் 20 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்மானத்தைக் கழித்தால் மேலே சொன்ன ஒரு கிலோ வந்துவிடும். யாராவது “ஒரு பிட்டுல மூணு கிலோ எடுக்கலாம்” என்று சொல்லி விற்க வந்தால், பட்டனை எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இந்தப் பட்டன், டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட்டுடன் கலந்து அழுத்திச் சூளையில் சுட்டு எடுத்தது. பட்டறைகளில் சிலர் விடியா என்பார்கள், எல்லாம் ஒன்றுதான். பாறை துளைக்கிற வகைகளில் கோபால்ட் பெரும்பாலும் 6 முதல் 12 சதவீதம். உலக டங்ஸ்டனில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் அந்த நாடு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபின் விலை ஏறியது. அதனால் போன வருட விலையை மனதில் வைத்துக்கொண்டு யாரிடமும் பேரம் பேச வேண்டாம்.

பிட் எங்கே கிடைக்கும்?

கடலூர் ஊருக்குள் தேடி அலைய வேண்டாம். கரையோரம் மணலும் களிமண்ணும், உள்ளே போனால் கடலூர் மணற்பாறை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பதும் அதே பாறைதான். இந்த மண்ணில் சேறு விட்டுச் சுழற்றித் துளைப்பார்கள். அதற்குப் போடுகிற தகடு பிட்டில் விளிம்பில் நாலைந்து சின்ன கார்பைடு துண்டு இருந்தால் அதிகம்.

பட்டன் பிட்டுக்கு மேற்கே போக வேண்டும். விழுப்புரம், திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி என்று கருங்கல் தொடங்கும் இடங்களில் ஓடுகிற போர் வண்டிகளிடம் கேளுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னும் பக்கம், திருவக்கரை. கல்மரப் பூங்காவைப் பார்க்கத்தான் நாம் அங்கே போவோம். அதைச் சுற்றித்தான் கல்குவாரிகளும் கிரஷர்களும். குவாரிகளில் பட்டன் பிட் தவிர ஜாக்ஹாமர் கம்பிகளும் கிடைக்கும். அவற்றின் நுனியில் உளி மாதிரி ஒரே ஒரு கார்பைடு துண்டு பற்றவைத்திருக்கும்.

வாங்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, ரசீது. போர் வண்டியிலிருந்து பிட் காணாமல் போவது புதிதல்ல. திருட்டுச் சரக்கைத் தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு வாங்கியவர் மேலும் பாயும். வெள்ளைத் தாளில் எழுதி வாங்கினாலும் சரி. வண்டி எண், தேதி, எத்தனை பிட், கொடுத்தவர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கட்டும்.

இரண்டாவது, குவாரிச் சாக்கு. அதை அப்படியே தலைகீழாகக் கொட்டாதீர்கள். அலுமினியக் குழாய் போலச் சுண்டுவிரல் நீளத்தில், வயர் தொங்கிக்கொண்டு ஏதாவது கண்ணில் பட்டால் அது வெடிக்காத கேப்பாக (பாறை வெடிக்குத் தீ மூட்டும் டெட்டனேட்டர்) இருக்கலாம். தொடாமல் விலகி, குவாரிக்காரருக்கும் போலீசுக்கும் சொல்லுங்கள்.

உடைக்கும் முன் ஒரு முறை பாருங்கள்

தேய்ந்த பிட் எல்லாம் செத்த பிட் அல்ல. பட்டன் தலையில் தட்டையாகத் தேய்ந்த வட்டம் பட்டன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் சாணை பிடிக்க வேண்டிய நேரம் என்பது கணக்கு. வைரக் கிண்ணச் சாணையில் மறுபடி உருண்டையாக்கினால் அந்தப் பிட் இன்னும் பல நூறு அடி ஓடும். வண்டிக்காரரிடம் “ஏண்ணா, சாணை பிடிச்சு ஓட்டலாமே” என்றால் “அதுக்கெல்லாம் எங்க தம்பி நேரம்” என்பார். அவருக்கு நேரமில்லாதது உங்களுக்கு லாபம். அப்படிப்பட்ட பிட்டைச் சாணை பிடித்து விற்றால் கார்பைடு விலையைவிடக் கூடுதலாகவே கிடைக்கும்.

வெளிவட்டப் பட்டன்கள் எஃகோடு எஃகாகத் தேய்ந்து பிட்டின் சுற்றளவே குறைந்திருந்தாலும், தண்டில் விரிசல் ஓடியிருந்தாலும் யோசிக்க வேண்டாம். அது உடைக்கத்தான்.

கார்பைடுதானா என்று அறிய

காந்தம் ஓரளவு சொல்லும். எஃகில் பட்டென்று ஒட்டும். கார்பைடில் உள்ள கோபால்ட்டால் லேசாகத்தான் இழுக்கும். ஆனால் காந்தத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. கோபால்ட்டுக்குப் பதில் நிக்கல் சேர்த்த வகைகளும் உண்டு.

நம்பிக்கையான சோதனை எடைதான். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு போதும். ஒரு டம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். பட்டனை நூலில் கட்டி, தண்ணீரில் முழுக்க முங்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்தான் பட்டனின் பருமன், கன சென்டிமீட்டரில். முன்பே எடுத்து வைத்த எடையை இதால் வகுக்க வேண்டும். 60 கிராம் பட்டன் தண்ணீரில் 4.1 காட்டினால் விடை 14.6, நல்ல கார்பைடு. அதே 60 கிராம் எஃகு 7.7 காட்டும், விடை 7.8க்குப் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஏமாற இடமே இல்லை. 14க்கும் 15க்கும் இடையில் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தால் கோபால்ட் கூடவா குறைச்சலா என்பதும் பிடிபடும்: கோபால்ட் கூடக் கூட எண் இறங்கும்.

அடிப்படை விதி

எஃகை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். பட்டனை மட்டும் அடிக்காதீர்கள். கார்பைடு அழுத்தத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. கண்ணாடி போலச் சில்லாகத் தெறிக்கும். தெறிக்கிற சில்லு தோலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், கண்ணில் பட்டால் கண் போச்சு. சாதாரணக் கண்ணாடி போதாது. முகம் முழுவதும் மூடும் ஷீல்டும் அதற்குள் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். அப்புறம் தோல் கையுறை, பருத்திச் சட்டை, மூடிய செருப்பு. கைலி கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிக்கிறவர்களை நம் ஊரில் தினமும் பார்க்கிறோம். அது வேண்டாம்.

தூசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். கோபால்ட் கலந்த டங்ஸ்டன் கார்பைடு தூசி நுரையீரலைத் தழும்பாக்கும் ஒரு நோயைத் தரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் தரக்கூடியது என்ற பட்டியலில், 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே கட்டிங் வீல் எஃகில்தான் ஓட வேண்டும், பட்டனில் படக் கூடாது. தவறிப் பட்டாலும் தூசி பறக்காதபடி தண்ணீர் சொட்டவிட்டு வெட்டலாம். அதற்கு மின்சார ஆங்கிள் கிரைண்டர் ஆகாது. ஈரத்தில் ஷாக் அடிக்கும். தண்ணீர் ஓடும் பேண்ட்சா (பட்டை ரம்பம்) இருக்கும் பட்டறையில் கொடுத்து அறுங்கள். வறட்டு வெட்டு என்றால் என்95 மாஸ்க், திறந்த வெளி. துண்டை முகத்தில் கட்டிக்கொள்வது மாஸ்க் ஆகாது. வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

வெட்டி எடுக்கும் முறை

பட்டன் பிட்டில் பட்டன்கள் குழிக்குள் பசையோ பற்றவைப்போ இல்லாமல், வெறும் இறுக்கத்தில் நிற்கின்றன. குழியைவிட ஒரு மயிரிழை பெரிய பட்டனை அழுத்தி இறக்கியிருப்பார்கள். குழிக்கு அடிப்பக்கம் மூடியிருக்கும். அதனால் பின்னாலிருந்து தட்டித் தள்ள முடியாது. அந்த அடியைத் திறப்பதுதான் முதல் வேலை.

முதலில் பிட்டைக் கழுவுங்கள். காற்றுத் துளைகளில் அடைத்திருக்கும் மண்ணைக் கம்பியால் குத்தி எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டுவிட வேண்டாம். ஏன் என்பது சூடு பண்ணும் இடத்தில் வரும்.

பிறகு தலையைத் தண்டிலிருந்து பிரிக்க வேண்டும். தண்டு தனி எஃகாக விலை போகும், ஒதுக்கி வையுங்கள். தலையைப் பட்டன் குழி முடிகிற ஆழத்தில் வட்டாக அறுத்தால், நடுப் பட்டன்களின் குழி அடிப்பக்கம் திறந்துகொள்ளும். ஆழத்தைக் குத்துமதிப்பாகப் போடாமல், உடைந்து விழுந்த பட்டன் குழி ஏதாவது இருந்தால் அதில் கம்பி விட்டு அளந்து, அதற்கேற்ப அறுங்கள். அளவு குறைந்து பட்டனிலேயே பிளேடு ஏறினால் பிளேடும் போகும், தூசியும் கிளம்பும்.

இப்போது வட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, பட்டனுக்கு நேர் கீழே வழி விட்டு, ஹைட்ராலிக் பிரஸில் வைத்து ஒரு மென்மையான எஃகு உருளையால் அழுத்துங்கள். “டொக்” என்று ஒரு சத்தத்தோடு இறுக்கம் விடும். அப்புறம் கையாலேயே தள்ளலாம். புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் பிரஸ் வைத்திருக்கும் பட்டறை கிடைக்கும். சொந்தமாகப் பிரஸ் வாங்க முதல் மாதமே கடன் வாங்காதீர்கள். நாலைந்து வட்டு சேர்ந்த பிறகு போய், மணிக்கூலி கொடுத்து ஒரே மூச்சில் முடித்துக்கொண்டு வாருங்கள்.

வெளிவட்டப் பட்டன்கள் சாய்வாக நிற்பதால் இந்த முறையில் வராது. அவற்றுக்குப் பட்டனுக்கும் பிட்டின் ஓரத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய எஃகில், பட்டனுக்கு இணையாகக் கிரைண்டரால் ஒரு கோடு கிழியுங்கள். பட்டனைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்திவிட்டு, அந்த வெட்டில் உளியை வைத்து விரித்தால் குழி வாயைப் பிளக்கும். அடி விழுவது உளியில், விரிவது எஃகு.

சூட்டில் எடுக்கும் முறை

கரி உலையும் புளோயரும் இருந்தால் இது இன்னும் வேகம். சூட்டில் எஃகு விரிகிற அளவில் பாதிதான் கார்பைடு விரியும். 16 மில்லிமீட்டர் குழி 600 டிகிரி சூடேறினால் பட்டனைவிடச் சுமார் 0.06 மில்லிமீட்டர் கூடுதலாக விரிகிறது. பட்டனை இறக்கும்போது கொடுத்த இறுக்கமும் ஏறக்குறைய அவ்வளவுதான். பிடி தானாக விட்டுப்போகும்.

எஃகுப் பக்கம் நெருப்பில் இருக்கும்படி வையுங்கள். நிழலில் பார்த்தால் மங்கலான சிவப்புத் தெரிகிற பதம் போதும். நீளக் கொறடால் பிடித்து, பட்டன் முகம் கீழே பார்க்க, காய்ந்த மணல் போட்ட இரும்புத் தட்டுக்கு மேலே வைத்து எஃகின் தோளில் சுத்தியலால் தட்டுங்கள். ஒன்றிரண்டு உடனே விழும். விழாததைக் குத்திக் குடையாமல் மறுபடி உலையில் வையுங்கள்.

அதிக நேரம் வைத்தால் நஷ்டம். கார்பைடு 600 டிகிரி பக்கம் காற்றில் மெதுவாக எரியத் தொடங்கும். பட்டன் மேல் மஞ்சள் பொடி பூத்தால் அது டங்ஸ்டன் ஆக்ஸைடு. உங்கள் எடைதான் பொடியாகிறது. சூடான பட்டனைத் தண்ணீரில் போடவும் கூடாது, வெடித்துத் தெறிக்கும். மணலிலேயே ஆறட்டும்.

காற்றுத் துளையில் ஈர மண் அடைத்திருந்தால் உலையில் அது நீராவியாகித் துப்பாக்கி போலத் துப்பும். கழுவிக் காயவைக்கச் சொன்னது இதற்குத்தான்.

பற்றவைத்த துண்டுகள்

ஜாக்ஹாமர் கம்பி, தகடு பிட் இரண்டிலும் கார்பைடு வெள்ளி அல்லது பித்தளைப் பற்றில் நிற்கும். எஃகைப் பின்னாலிருந்து டார்ச்சால் சூடாக்குங்கள். வெள்ளிப் பற்று 700 டிகிரிக்குள் இளகிவிடும். பித்தளைக்கு 900 வரை வேண்டும். பற்று தண்ணீர் போல மினுங்கி ஓடும்போது நீளக் கம்பியால் பக்கவாட்டில் தள்ளினால் துண்டு நழுவி வரும்.

பழைய வெள்ளிப் பற்றுகளில் காட்மியம் கலந்திருந்தது. அதன் புகை நெஞ்சைப் பிடிக்கும். வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது, ராத்திரி மூச்சு முட்டும். மூடிய ஷெட்டில் இந்த வேலை வேண்டாம். கடற்காற்று அடிக்கிற பக்கமாக முதுகைக் காட்டி நின்று செய்யுங்கள்.

புதியவர்கள் தொடாமல் விட வேண்டியவை

மூன்று உருளை கொண்ட எண்ணெய்க் கிணற்று வகை பிட்டுகள் காரைக்கால் பக்கத்திலிருந்து எப்போதாவது காயலான் கடைக்கு வரும். அவற்றின் உள்ளே கிரீஸ் அடைத்து மூடிய அறை இருக்கும், உலையில் வைத்தால் வெடிக்கும். உருளைப் பல் எஃகிலேயே செதுக்கியதாக இருந்தால் எடுக்க ஒன்றுமே இல்லை. கார்பைடு பதித்த வகை கிடைத்தால் முழுதாக விற்றுவிடுங்கள். கறுப்பு வட்டத் தகடு போல வைரப் படலம் ஒட்டிய பிட்டும் அப்படியே. அந்தப் படலம் 700 டிகிரிக்கு மேல் கெட்டுவிடும். தகடு கெடாமல் இருந்தால் மொத்த கார்பைடைவிட அதற்கு மதிப்பு அதிகம், டார்ச்சைக் காட்டிக் கெடுக்காதீர்கள்.

எஃகை அமிலத்தில் கரைத்து எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நைட்ரிக் அமிலத்தில் கிளம்பும் பழுப்புப் புகை ஆளைக் கொல்லும். மிச்ச நீரை எங்கே கொட்டுவீர்கள்? சிப்காட் பக்கத்தில் குடியிருந்தவர்களிடம் ரசாயன நாற்றத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரித்து வைப்பது, விற்பது

பட்டனை எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டுகிறவர்கள் பாதிப் பணத்தை அங்கேயே விடுகிறார்கள். பாறைப் பட்டன் தனி, பற்று ஒட்டிய துண்டு தனி, எஃகு ஒட்டியது தனி. லேத், மில்லிங் இயந்திரங்களில் மாட்டுகிற கார்பைடு வெட்டு முனைகளான இன்செர்ட்டுகளை இவற்றோடு கலக்கவே கூடாது. அவற்றில் டைட்டானியம், டான்டலம் கார்பைடும் மேல்பூச்சும் இருக்கும். கலந்த டப்பாவை வாங்குகிறவர் அதிலுள்ள மட்டமான சரக்கின் விலையைத்தான் மொத்தத்துக்கும் போடுவார். காரணம் இருக்கிறது: சுத்தமான பட்டனை உருகிய துத்தநாகத்தில் போட்டுக் கோபால்ட்டை இளக்கி, வெற்றிடத்தில் துத்தநாகத்தை ஆவியாக்கிவிட்டால் மறுபடி பட்டன் செய்யக்கூடிய தூளாகவே கிடைக்கிறது. கலப்புச் சரக்கு ரசாயன ஆலைக்குப் போய் முதலிலிருந்து வர வேண்டும். இரண்டும் பெரிய ஆலை வேலை, நமக்கு வேண்டாம்.

பத்து லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் சேர்த்து வைக்க நினைக்காதீர்கள். நிறைந்தால் 80 கிலோவைத் தாண்டும், கைப்பிடி கையோடு வந்துவிடும். ஒரு லிட்டர் டப்பா போதும். அதுவே எட்டு கிலோவுக்கு மேல்.

கணக்கு வழக்கில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கடலூரிலிருந்து பஸ் ஏறி முள்ளோடையைத் தாண்டினால் நமக்கு அது பக்கத்து ஊர், ஜிஎஸ்டிக்கு வேறு மாநிலம். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. ஆகவே பதிவு எடுக்கும் வரை கடலூர்க்காரர் தமிழ்நாட்டுக்குள்ளும் புதுச்சேரிக்காரர் புதுச்சேரிக்குள்ளும் வாங்குகிறவரைத் தேடிக்கொள்வது நல்லது. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவுள்ள வியாபாரிதான் வரியைக் கட்ட வேண்டும். “வரி புடிச்சுட்டுதான் தருவேன்” என்று உங்கள் பணத்தில் கை வைத்தால் இதைச் சொல்லிப் பேசுங்கள். சரக்கின் மதிப்பு மாநிலம் தாண்டும்போது 50,000 ரூபாய்க்கு மேல் போனாலும், தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு லட்சத்துக்கு மேல் போனாலும் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு) வேண்டும்.

விலையை இரண்டு மூன்று பேரிடம் ஒரே நாளில் கேளுங்கள். எடை போடும்போது உங்கள் தராசும் பக்கத்தில் இருக்கட்டும். இந்தச் சரக்கில் நூறு கிராம் பிசகினாலும் பெரிய காசு.

மிச்சமான தண்டு நல்ல அலாய் எஃகு. கொல்லுப் பட்டறைக்காரர் உளிக்கும் கடப்பாரை முனைக்கும் ஆசையாக வாங்குவார். லேத் பட்டறையிலும் எடுப்பார்கள். தலைப்பகுதித் துண்டைக் கொடுப்பதானால், வராத பட்டன் ஏதாவது உள்ளே நின்றுபோயிருந்தால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுங்கள். தெரியாமல் லேத்தில் மாட்டினால் அவர் டூல் உடையும். அடுத்த முறை பிரஸ் வேலைக்கு நீங்கள் அதே ஆளிடம்தான் போக வேண்டியிருக்கும்.